வீட்டுப் பட்டறைத் துவக்குகளும் விடை தேடும் வினாக்களும்

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இம்முதுமொழி வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. போர் நீடித்த காலத்தில் பழைய இரும்பும் சைக்கிள் கம்பியும் உடைந்த லொறியின் வில்தகடும் இங்கே கருவிகளாயின. அக்கருவிகளைக் கொண்டு செய்யப்பட்டவற்றுட் சில ஆயுதங்களும் ஆயின. 2009 மே மாதத்துடன் போர் ஓய்ந்தது. ஆயினும் வடக்கிலிருந்து வெளிவரும் ஒருவகைச் செய்தி மட்டும் இன்றுவரை ஓயவில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்குடன் ஒருவர் கைது, காட்டுப்பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கு வெடித்து ஒருவர் படுகாயம், காணி துப்புரவாக்கியபோது துருவேறிய துப்பாக்கி மீட்பு என நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும் செய்திகள் அவை. வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அவற்றின் பின்னால் ஒரு வரலாறும், இன்னும் விடை காணப்படாத சில வினாக்களும் இருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தேய்ந்துபோன ஒரு துவக்கை வீட்டின் பின்புறத்தில், தானே செய்த கருவிகளைக் கொண்டு ஒருவர் ஏன் திருத்தி எடுக்கிறார்? அந்தக் கைத்திறன் அவருக்கு எங்கிருந்து வந்தது? அவரைக் கைது செய்வதுடன் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணாதவரை, சட்டவிரோத ஆயுதங்களை ஒழிப்பது பற்றிய அறிவிப்புகள் அறிவிப்புகளாகவே இருந்துவிடும்.

முதலில் இந்தத் துவக்குகள் எத்தகையவை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். வன்னியிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் மக்கள் 'இடியன்' என்று அழைப்பது, குழலின் வாய் வழியாக மருந்தையும் சன்னத்தையும் இட்டு இடித்துச் சுடும் பழையவகைத் துவக்கு. பெரும்பாலும் ஊர்க் கம்மாலைகளில் உருவானது. 'கட்டுத்துவக்கு' என்பது ஆள் இல்லாமலே வெடிக்கும்படி விலங்கின் தடத்தில் கட்டி வைக்கப்படுவது. இவற்றுக்கு அப்பால், ஒரு காலத்தில் அனுமதியுடன் வைத்திருந்த வேட்டைத் துவக்குகளும், போர்க்காலத்தில் கைவிடப்பட்டு மண்ணுக்குள் கிடந்த துப்பாக்கிகளும் உண்டு. இவற்றில் எதுவாயினும் இன்று புதியது அல்ல. ஒவ்வொன்றும் பல முறை திருத்தப்பட்டு, பல கைகள் மாறி வந்தவை.

திருத்தப்பட்ட துவக்கு திருத்தப்பட்ட சைக்கிளைப் போன்றதன்று. தண்ணீர்ப் பம்பியைத் திருத்தியவர் தவறிழைத்தால் தண்ணீர் வராது, அவ்வளவுதான். துவக்கு வெடிக்கும் கணத்தில் அதன் தோட்டா அறைக்குள் எழும் அழுத்தம் சாதாரணமானதன்று. இராணுவத் துப்பாக்கிகளில் அது சதுர அங்குலத்துக்கு 40 ஆயிரம் முதல் 60 ஆயிரம் இறாத்தல் வரை செல்லும். மோட்டார் வாகனச் சில்லின் காற்றழுத்தம் ஏறக்குறைய 30 இறாத்தல் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். பல ஆண்டுகள் மண்ணில் கிடந்து துருவேறிய இரும்பின் உள்ளே ஏற்பட்ட வெடிப்புகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அரத்தால் தேய்த்து எண்ணெய் பூசி மினுக்கிய மேற்பரப்பு உள்ளிருக்கும் பலவீனத்தை மறைத்துவிடவே செய்யும். இக்காரணத்தினாலேயே பிரித்தானியாவில் இலண்டனிலும் பேர்மிங்காமிலும் உள்ள சோதனை நிலையங்களில், மிகையழுத்தத்தில் சுட்டுப் பரிசோதித்து முத்திரை இடப்படாத துவக்கை விற்பது 1868ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் குற்றமாக்கப்பட்டது. வீட்டுப் பட்டறையில் அத்தகைய சோதனைக்கு இடமில்லை. அங்கே சோதனை செய்யப்படுவது சுடுபவரின் கண்ணும் கையுமே.

இவ்வளவு ஆபத்து இருந்தும் அதனை ஒருவர் ஏன் வைத்திருக்கிறார்? விடை பெரும்பாலும் வயல் வரம்பில் இருக்கிறது. குடாநாட்டவர் பலர் தலைமுறை தலைமுறையாகப் பெருநிலப்பரப்பில் வயலும் தோட்டமும் செய்து வருபவர்கள். கதிர் முற்றும் பருவத்தில் ஒரே இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து உழக்கிவிட்டால் ஒரு போகத்து உழைப்பு முழுவதும் போய்விடும். தென்மராட்சியில் குரங்குகளின் தொல்லையால் தென்னையும் பலாவும் வாழையும் படும்பாடு யாவரும் அறிந்ததே. காட்டோரங்களில் யானை வேறு. பயிரழிக்கும் விலங்குகளின் தொகையை அறிவதற்காக 2025 மார்ச் 15ஆம் திகதி காலை நாடு முழுவதும் ஐந்து நிமிடநேரக் கணக்கெடுப்பு ஒன்றை அரசாங்கம் நடத்தியது. குரங்கையும் மயிலையும் எண்ணிக் குறித்துக் கொடுக்கும்படி விவசாயிகள் கேட்கப்பட்டனர். எண்ணிய பின் என்ன செய்வது என்ற வினாவோ விவசாயியிடமே விடப்பட்டது போலாயிற்று. இந்த வெற்றிடத்திலேதான் பழைய துவக்கு மீண்டும் கையிலெடுக்கப்படுகிறது.

இனி அந்தக் கைத்திறனின் வரலாற்றுக்கு வருவோம். குடாநாட்டில் கொல்லர் பட்டறை என்பது போருடன் வந்ததன்று. மண்வெட்டி, அலவாங்கு, சீவல் தொழிலாளரின் பாளைக்கத்தி, மாட்டுவண்டிச் சில்லின் இரும்புப் பட்டம் ஆகிய யாவும் ஊர்க் கம்மாலையிலே உருவானவை. தோட்டங்களுக்குத் தண்ணீர்ப் பம்பிகள் வந்தபோது கடைச்சல் பட்டறைகளும் உடன் வந்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைச் சுற்றியும் இயந்திரங்களுடன் பழகிய ஒரு தலைமுறை உருவானது. கைவினை மரபும் இயந்திர அறிவும் ஒன்றுசேர்ந்த ஒரு சமூகமாக யாழ்ப்பாணம் 1980களுக்குள் நுழைந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை அந்தச் சமூகத்தைக் கடும் சோதனைக்கு உள்ளாக்கியது. மின்சாரம் நின்றது. சீமெந்துத் தொழிற்சாலையின் இயக்கமும் அந்த ஆண்டுடன் நின்றுபோயிற்று. எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம் எனத் தடைப்பட்டியல் நீண்டது. மக்கள் அதற்குக் கொடுத்த பதில் இன்று நினைத்தாலும் வியப்பளிப்பது. சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களும், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் வீதிகளில் புகை கக்கியபடி ஓடின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கொன்றின் வெளிச்சத்தில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். புதிய உதிரிப்பாகம் வராத நாட்டில், உதிரிப்பாகத்தையும் அதைச் செய்வதற்கான கருவியையும் ஒருசேர உருவாக்க வேண்டியிருந்தது. வெட்டும் கருவி தேய்ந்தால் வேறொரு உருக்கைத் தீட்டி அதனிடத்தில் வைத்தார்கள். எறிவதற்கு எதுவுமே இருக்கவில்லை.

நாம் பெருமையுடன் நினைவுகூரும் வரலாறு இது. ஆனால் பெருமையின் பக்கத்திலேயே இன்னொரு பக்கமும் உண்டு. பம்பியைத் திருத்திய அதே கடைச்சல் இயந்திரம் போரின் தேவைக்கும் சுழன்றது. ஆயுதப் போராட்டத்தின் தொடக்கத்தில் இயக்கங்களின் கைகளில் இருந்தவை பெரும்பாலும் பழைய சுழல் துப்பாக்கிகளும், வேட்டைத் துவக்குகளும், பொலிஸாரிடமிருந்து பறிக்கப்பட்ட துப்பாக்கிகளுமே. அவற்றைத் திருத்திப் பேணும் தேவையில் தொடங்கிய முயற்சி, பிற்காலத்தில் 'பசிலன் 2000' எனப்பட்ட எறிகணை வரை, 'ஜொனி' எனப்பட்ட மிதிவெடி வரை வளர்ந்தது. உள்ளூர்ப் பொருள்களையும் உள்ளூர்த் தொழில்நுட்பத்தையும் கொண்டு செய்யப்பட்டவை அவை. அரச படைகள் தொழிற்சாலைகளில் செய்த மிதிவெடிகளை வாங்கிப் புதைத்தன. புலிகள் தாமே செய்து புதைத்தார்கள். புதைத்தவை எவருடையவை என்று பாதம் அறிவதில்லை.

ஆனையிறவுப் படைத்தளம் 2000 ஏப்ரலில் வீழ்ந்ததன் பின்னர், முகமாலை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் போர் முன்னரங்காக இருந்தது. இருதரப்பும் அடுக்கடுக்காக மிதிவெடிகளைப் புதைத்த அந்நிலத்தில், 2002இலிருந்து இந்நாட்டில் பணியாற்றிவரும் ஹலோ ட்ரஸ்ட் உள்ளிட்ட அமைப்புகளின் பணியாளர்கள் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி வெடிகளை எடுத்து வருகின்றனர். போரில் கணவரை இழந்த, குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் அப்பணியில் இருக்கின்றனர். மிதிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி கண்ணிகளை முற்றாக அகற்றுவதற்கான காலக்கெடு 2028 ஜூன் 1. செய்தவர் மறைந்தார், செய்வித்த நோக்கமும் முடிந்தது, செய்யப்பட்ட பொருள் மட்டும் மண்ணுக்குள் விழித்திருக்கிறது. வீட்டுப் பட்டறையில் திருத்தப்படும் துவக்குக்கும் இது பொருந்தும். பன்றிக்கு என்று திருத்தப்பட்ட துவக்கு பன்றியுடன் நின்றுகொள்வதில்லை. காணிச் சண்டையிலோ குடும்பத் தகராற்றிலோ நாளை அது யார் கையில் இருக்கும் என்பதை அதைத் திருத்தியவர் தீர்மானிக்க முடியாது.

ஆயுதங்களை மீளப்பெறும் முயற்சிகள் முன்னரும் நடந்திருக்கின்றன. 1987 ஜூலை 29ஆம் திகதி கைச்சாத்தான இந்திய–இலங்கை உடன்படிக்கை, போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்து 72 மணித்தியாலங்களுக்குள் இயக்கங்கள் ஆயுதங்களைக் கையளிக்க வேண்டும் என்று கூறியது. ஆகஸ்ட் 5ஆம் திகதி பலாலியில், புலிகளின் சார்பில் யோகி ஒரு கைத்துப்பாக்கியைப் பாதுகாப்புச் செயலாளர் ஜெனரல் சேபால ஆட்டிகலவிடம் கையளித்தார். அந்தக் காட்சி உலகெங்கும் வெளியாயிற்று. எனினும் அடுத்துவந்த இரண்டு மாதங்களில் நிலைமை சீர்குலைந்து, ஒக்டோபர் 10ஆம் திகதி இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையில் போர் வெடித்தது. ஆயுதத்தைக் கையளிப்பவன் அதன் பின்னர் தனக்குப் பாதுகாப்பு உண்டு என்று நம்பாதவிடத்து, கையளிப்பு என்பது சடங்காகவே முடியும். பலாலியில் நாம் கற்ற பாடம் இதுவே.

அந்த நம்பிக்கை இன்று சாதாரண குடிமகனுக்கு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இலங்கையில் துப்பாக்கிகளை ஒழுங்குபடுத்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம். துவக்கை வைத்திருப்பதற்கும் உற்பத்தி செய்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது அதன் சாரம். 1996இல் செய்யப்பட்ட திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. இச்சட்டம் தெற்குக்கும் வடக்குக்கும் ஒன்றுதான். ஆனால் வடக்கில் அதனருகே இன்னொரு நிழலும் நெடுங்காலம் நின்றது. 1979இல் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டமே அது. தெற்கில் ஒரு விவசாயியிடம் அகப்படும் துவக்கு வேட்டைத் துவக்கு. வடக்கில் அகப்பட்டாலோ அது எங்கிருந்து வந்தது, யார் தந்தது, வீட்டில் யார் முன்னாள் போராளி என்று விசாரணை நீளும் என்ற அச்சம் மக்களிடம் வேரூன்றிவிட்டது. கிணறு தோண்டும்போதோ மதில் கட்ட அத்திவாரம் வெட்டும்போதோ துருவேறிய துப்பாக்கி ஒன்று தட்டுப்பட்டால், பொலிஸாருக்கு அறிவிப்பதா அல்லது திரும்ப மண்ணைப் போட்டு மூடிவிடுவதா என்று தயங்குகின்ற நிலை இதனால் உண்டானதே. மண்ணைப் போட்டு மூடியது இன்னொருநாள் இன்னொருவர் கையில் வெளிவரும்.

அரசாங்கம் அவ்வப்போது பொதுமன்னிப்புக் காலங்களை அறிவித்திருக்கிறது. 2020 பெப்ரவரியில் ஒருவார காலம் அவ்வாறு வழங்கப்பட்டது. 2005 ஜூலையில், கைப்பற்றப்பட்ட 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் கொழும்பில் பகிரங்கமாக அழிக்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், தலைமுறைக் கணக்கில் ஊறிய அச்சத்தை ஒருவார கால அறிவித்தலால் போக்கிவிட முடியும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

அச்சம் ஒருபுறமிருக்க, திறமையைக் கவனியாது விட்டால் என்ன நேரும் என்பதற்கு அயலிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. பீகாரின் முங்கேர் நகரைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் தன் தலைநகராக்கியபோது அங்கே படைக்கலப் பட்டறைகளை நிறுவினார். நவாப்பின் ஆட்சி சில ஆண்டுகளில் முடிந்தது. பட்டறைத் தொழில் முடியவில்லை. அனுமதி பெற்ற தொழிற்சாலைகள் ஒருபுறம் இயங்க, இந்தியா முழுவதும் பிடிபடும் கள்ளத் துப்பாக்கிகளின் பிறப்பிடமாக அந்நகரின் பெயர் இன்று அடிபடுகிறது. பாக்கிஸ்தானில் பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையிலுள்ள தர்ரா ஆதம் கேலில், எளிய கருவிகளைக் கொண்டு எந்தத் துப்பாக்கிக்கும் நகல் எடுக்கும் பட்டறைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்திருக்கின்றன. வேறு தொழில் வாய்ப்பு வராத இடத்தில், கற்ற கை கற்றதையே செய்யும். யாழ்ப்பாணம் முங்கேர் ஆகிவிடவில்லை என்பது ஆறுதலுக்குரியது. தெற்கின் பாதாள உலகக் குழுக்களும் வாள்வெட்டுக் கலாசாரமும் போதைப்பொருள் வலைப்பின்னலும் நாட்டில் பெருகிவரும் இக்காலத்தில், அந்த ஆறுதலில் அயர்ந்துவிடவும் முடியாது.

மாறாகச் சென்ற நாடுகளும் உண்டு. பதினாறு ஆண்டு உள்நாட்டுப் போர் 1992இல் முடிவுற்ற மொசாம்பிக்கில், கிறிஸ்தவ சபைகளின் பேரவை 1995இல் 'ஆயுதங்களைக் கருவிகளாக்குதல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. துவக்கைக் கொண்டுவந்து ஒப்படைத்தவருக்குத் தையல் இயந்திரமோ, சைக்கிளோ, மண்வெட்டியோ, கூரைத்தகடோ கிடைத்தது. எங்கிருந்து எடுத்தாய் என்று எவரும் கேட்கவில்லை. ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் வெட்டித் துண்டாக்கப்பட்டு, கலைஞர்களின் கையில் சிற்பங்களாகவும் மாறின. அவற்றிலொன்றான ஆயுத அரியாசனம் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வட அயர்லாந்தில் ஐ.ஆர்.ஏ. இயக்கம் தன் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்துவிட்டது என்று 2005 செப்டெம்பரில் சர்வதேச ஆணைக்குழு அறிவித்தபோது, கத்தோலிக்க மதகுரு ஒருவரும் மெதடிஸ்த மதகுரு ஒருவரும் நேரிற் கண்ட சாட்சிகளாக நின்றார்கள். பொலிஸாரையோ படையினரையோ நம்பாத மக்கள், தாம் நம்பும் ஒருவர் முன்னிலையில் ஆயுதத்தைக் கைவிட ஆயத்தமாக இருப்பார்கள் என்பதை இவ்விரு அனுபவங்களும் காட்டுகின்றன.

இவற்றின் வெளிச்சத்தில் வடக்கில் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பயிர்ப் பாதுகாப்பு. விவசாயிக்குத் துவக்கு தேவைப்படாத நிலையை உருவாக்குவதே துவக்கை ஒழிப்பதற்கான நேர்வழி. மின்வேலிகளைக் கமக்காரர் அமைப்புகளின் பொறுப்பில் அமைத்துப் பராமரிப்பதும், பயிர் அழிவுக்கான இழப்பீட்டை அடுத்த போகத்துக்கு முன்னதாகவே வழங்குவதும், உண்மையாகவே தேவைப்படுவோருக்குச் சோதிக்கப்பட்ட துவக்கை அனுமதியுடன் வழங்கும் நடைமுறையை எளிதாக்குவதும் அதற்குள் அடங்கும். அனுமதி வழங்கும்போது வடக்கிலுள்ள விவசாயியைத் தெற்கிலுள்ள விவசாயியைப் பார்க்கும் அதே கண்ணாலே பார்க்கவும் வேண்டும்.

இரண்டாவது, அச்சமற்ற கையளிப்பு. மண்ணுக்குள் கண்டெடுத்ததையோ வீட்டில் பரம்பரையாகக் கிடந்ததையோ, மதத்தலைவர்களின் முன்னிலையில் மாவட்டச் செயலகம் ஊடாக ஒப்படைக்க வழிசெய்யப்படல் வேண்டும். ஒப்படைத்தவர் மீது விசாரணை இல்லை என்ற உத்தரவாதம் எழுத்தில் இருக்க வேண்டும். அது ஒரு வாரத்துக்குரியதாக அன்றி ஆண்டுக்கணக்கில் நிலைப்பதாக இருத்தல் அவசியம். ஒப்படைத்தவரைப் பின்னர் புலனாய்வாளர்கள் தேடிச் சென்றார்கள் என்ற ஒரேயொரு செய்தி போதும், முழுத் திட்டமும் குலைந்துவிடும்.

மூன்றாவதே மிக முக்கியமானது. அது கைத்திறனுக்குரிய இடம். போருக்குப் பின்னர் அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. அதன் அயலிலேயே இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் திறக்கப்பட்டது. இவை இளையோருக்கான வாசல்கள். ஆனால் பொருளாதாரத் தடைக்காலத்தில் கடைச்சல் பட்டறையில் நின்று தொழில் கற்றவருக்கு இப்போது வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. அவரிடம் சான்றிதழ் இல்லை. இறக்குமதியாகும் மலிவுப் பொருள்கள் அவரிடம் திருத்த வருவோரின் தொகையைக் குறைத்துவிட்டன. முறைசாரா வழியிற் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு இந்நாட்டில் உண்டு. அதனை ஊர்ப் பட்டறைகள் தோறும் கொண்டு செல்வதும், வடக்கின் சூழலுக்கு ஏற்ற விவசாயக் கருவிகளை வடிவமைப்பதில் பொறியியற் பீட மாணவரையும் அனுபவம் வாய்ந்த பட்டறைக்காரரையும் ஒன்றாக அமர்த்துவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. 2022இல் நாடு அந்நியச் செலாவணியின்றித் தத்தளித்து உதிரிப்பாகத்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றபோது, முழு நாட்டுக்கும் தேவைப்பட்டது யாழ்ப்பாணம் 1990களில் கற்றுவைத்த வித்தையே. அதனைக் கேட்டறிய அப்போது யாரும் இங்கே வரவில்லை.

புலம்பெயர்ந்த எம்மவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோயில் கோபுரங்களுக்கும் பாடசாலைக் கட்டடங்களுக்கும் தாராளமாக வழங்கும் கைகள், ஊரிலுள்ள பட்டறைக்கு ஒரு நல்ல கடைச்சல் இயந்திரம் வாங்கிக் கொடுப்பதையும் கொடையாகக் கருதுதல் நன்று.

தேய்ந்த துவக்கைத் தன் கையாற் செய்த கருவிகளால் திருத்தி எடுப்பவனிடம் இருப்பது அரிய திறமை என்பதில் ஐயமில்லை. அந்தத் திறமை துவக்கிலே செலவாகிறது என்றால் அதற்கு அவன் மட்டும் பொறுப்பாளி ஆகமாட்டான். பயிரைக் காக்க வழி காட்டாத நிருவாகமும், குடிமகனின் நம்பிக்கையைப் பெறத் தவறிய அரசும், பட்டறைக்காரனை மதிக்க மறந்த சமூகமும் அதில் பங்காளிகள். கைது செய்வதற்குப் பொலிஸார் போதும். அந்தக் கைக்கு வேறு வேலை கொடுப்பதற்கு நாம் அனைவரும் வேண்டும். முகமாலையில் இன்று ஒவ்வொரு மிதிவெடியையும் எடுப்பதற்குச் செலவாகும் உழைப்பையும் பணத்தையும் பார்த்த பிறகேனும், வல்லவன் கையில் புல்லோடு வேறு எதைக் கொடுக்கலாம் என்று சம்பந்தப்பட்டோர் சிந்திப்பார்களாக.